செட்டிநாட்டில் ஓர் இரவு கூடாரத்தில்: மோட்டார் சைக்கிள் குழுவோடு முதன்முறை வருவோருக்கு

சனிக்கிழமை காலை புறப்பட்டு, ஓர் இரவைத் தோப்பில் கழித்து, ஞாயிறு மதியத்துக்குள் வீடு திரும்பும் எங்கள் குழுவின் பயணங்களில் புதிதாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் வண்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை சிசி இருக்க வேண்டும், புல்லட்தான் வேண்டுமா, பக்கவாட்டுப் பெட்டி பொருத்த வேண்டுமா என்பவையே முதல் கேள்விகள். திருச்சியிலிருந்து காரைக்குடிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர், மதுரையிலிருந்தும் அவ்வளவுதான். அந்தத் தூரத்துக்கு நல்ல நிலையில் உள்ள 100 சிசி வண்டியே போதும். உண்மையான வேலை வண்டியை நிறுத்திய பிறகுதான் தொடங்குகிறது: யாருடைய நிலத்தில் நிற்கிறோம், யாருடைய தண்ணீரைத் தொடுகிறோம், இருட்டுவதற்குள் படுக்க இடம் தயாராகுமா என்பவை. ஆகவே இந்தக் கட்டுரையில் ஓட்டுவதைவிடத் தங்குவதைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

எப்போது போவது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், அதாவது மார்கழி நடுவிலிருந்து மாசி முடிய, புதியவர்களுக்கு ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்கள் நிரம்பிக் கலுங்கு வழியாகத் தண்ணீர் வெளியேறும், மண்பாதைகள் வழுக்கும், கூடாரம் நனைந்தால் காயாது. பங்குனிக்குப் பிறகு பகல் வெயிலில் தலைக்கவசத்துக்குள் தலை வெந்துவிடும் என்பது மிகைச்சொல் அல்ல.

நல்ல காலத்திலும் இரண்டு சமயங்களைத் தவிர்ப்பது உசிதம். தைப் பொங்கலையொட்டி சிராவயல் போன்ற ஊர்களில் மஞ்சுவிரட்டு நடக்கும்போது சாலைகளில் கூட்டமும் காளைகளும் நிறைந்திருக்கும். வண்டி ஓட்டிப் பழக அது இடமல்ல. தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் நகரத்தார் காவடிகளுடன் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடந்து செல்வார்கள். அவர்களோடு வேறு ஊர்க்காரர்களும் சேர்ந்து, விடியலுக்கு முன்பும் இருட்டிய பின்பும் சாலையோரத்தில் வரிசையாக நடப்பார்கள். அந்த நாட்களில் போயே ஆகவேண்டுமென்றால் அந்தத் தடத்தை விட்டு வேறு வழியாகப் போங்கள்.

இடம் கேட்பது

செட்டிநாட்டில் வெறுமனே கிடப்பதுபோலத் தெரியும் நிலம் எதுவும் வெறும் நிலமல்ல. தைலமரக் காடு அரசுடையதாகவோ தனியாருடையதாகவோ இருக்கும். பனங்காட்டுக்கு உரியவர் இருப்பார். கண்மாய்க் கரை ஊருக்குப் பொது. அடர்ந்து நிழலாக இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கும் மரக்கூட்டம் அய்யனாரின் கோவில்காடாக இருக்கும். கோவில்காட்டில் கூடாரம் போடுவது வேண்டாம். அங்கே ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கக் கூடாது என்பது பல ஊர்களில் இன்றும் பிடிவாதமாகக் காக்கப்படும் வழக்கம், செருப்போடு நுழைவதையும் விரும்ப மாட்டார்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் இரவு தங்கக் கூடாது.

எங்கள் வழக்கம் இதுதான். இரண்டு வாரங்களுக்கு முன்பே குழுவில் இருவர் ஒரே வண்டியில் போய், பம்புசெட் உள்ள தோப்பு ஒன்றைப் பார்த்து, உரியவரை நேரில் சந்தித்துக் கேட்போம். தொலைபேசியில் கேட்டால் பெரும்பாலும் மறுப்புத்தான் கிடைக்கும். நேரில் போனால் திண்ணையில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்த பிறகுதான் பேச்சே தொடங்கும். முதல் தடவை நான் போனபோது அந்தப் பெரியவர் எங்களைவிட வண்டியைத்தான் வெகுநேரம் பார்த்தார். "எத்தனை வண்டி தம்பி வரும்?" என்றார். பத்து என்றேன். "பொம்பளப் பிள்ளைகளும் வருதா?" மூன்று பேர் வருகிறார்கள் என்றேன். "அப்ப மோட்டார் ரூம் சாவியையும் வாங்கிக்கங்க. தீ மட்டும் தோப்புக்குள்ள வேணாம், சருகு கெடக்கு." பணத்தைப் பற்றி அவராகப் பேசவில்லை. நாங்கள்தான் பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தோம். இலவசமாகக் கிடைத்த இடத்தில் எதையும் கேட்டுப் பெறக் கூச்சமாக இருக்கும் என்பதால், தொகையை நீங்களே சொல்லிக் கொடுத்துவிடுவது நல்லது.

ஒப்புக்கொண்ட பிறகு ஊராட்சி அலுவலகத்துக்கும் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும், எத்தனை பேர், எந்தத் தேதி, எந்தத் தோப்பு என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரவு எட்டு மணிக்குத் தோப்புக்குள் பத்து விளக்குகள் அசைவதைக் கண்டால் எந்த ஊரிலும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

மூட்டை கட்டுவது

புதியவர்கள் செய்யும் முதல் தவறு அதிகமாகக் கொண்டுவருவது, இரண்டாவது அதை உயரமாகக் கட்டுவது. ஓர் இரவுக்குத் தேவையானவை: அடித்தளத்துணி சேர்த்துத் தைக்கப்பட்ட கூடாரம், அதன் கீழே விரிக்க ஒரு தார்ப்பாய்த் துண்டு, படுக்க நுரைப்பாய், ஒரு கம்பளி, தலையில் மாட்டும் விளக்கு, ஒரு மாற்றுடை, ஐந்து லிட்டர் தண்ணீர், தட்டு, தம்ளர், முதலுதவிப் பொட்டலம், குப்பைக்கு இரண்டு பெரிய பைகள். மார்கழி, தை மாதங்களில் பின்னிரவில் பனி நன்றாக இறங்கும். செட்டிநாடு வெயில் சீமைதானே என்று கம்பளியை விட்டுவிட்டு வந்தவர்கள் விடியற்காலையில் மழைச்சட்டையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எடை மிகுந்தவை இரண்டு சக்கரங்களுக்கும் இடையில், தாழ்வாக இருக்க வேண்டும். தண்ணீரும் கருவிகளும் பக்கவாட்டுப் பைகளின் அடியில் போகட்டும். கூடாரமும் கம்பளியும் பின்னிருக்கையின் மேல் வரலாம். கட்டியதும் பையைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பை மட்டும் அசைந்தால் மறுபடி கட்டுங்கள். பையோடு வண்டியும் சேர்ந்து அசைந்தால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள். கொக்கி வைத்த ரப்பர் கயிற்றைவிட, பூட்டு வைத்த நாடாவார் நம்பகமானது. எதுவானாலும் மிச்ச நுனியைத் தொங்கவிடாதீர்கள். அது சங்கிலியில் சுற்றிக்கொண்டால் பின்சக்கரம் ஓட்டத்திலேயே இறுகிவிடும்.

டயர்க் காற்றைப் பயணத்தன்று காலையில், வண்டி ஓடி டயர் சூடேறுவதற்கு முன், பின்னால் ஆள் அமர்ந்தால் வைக்கச் சொல்லிக் கையேட்டில் குறித்த அளவுக்கு வையுங்கள். 20, 25 கிலோ மூட்டையும் ஓர் ஆள்போலத்தான். சங்கிலித் தொய்வையும் மூட்டையைக் கட்டிய பிறகு ஒருமுறை பாருங்கள். ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவை டிஜிலாக்கரில் இருந்தால் போதும், ஆனால் கைப்பேசியில் மின்சாரம் இருக்க வேண்டும். தலைக்கவசம் பின்னால் அமர்பவருக்கும் கட்டாயம்.

முள்ளும் பஞ்சரும்

செட்டிநாட்டுப் பயணத்துக்கென்று தனியாகக் கற்க வேண்டிய வித்தை ஒன்று உண்டென்றால் அது பஞ்சர் ஒட்டுவதுதான். கண்மாய்க் கரை, ஓடை ஓரம், தரிசு என்று எங்கும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வெட்டி ஏற்றிச் செல்லும் விறகு வண்டிகளிலிருந்து மிலாறுகள், அதாவது மெல்லிய முள்கிளைகள், சாலையில் விழுகின்றன. காய்ந்த முள் ஆணிபோல நிற்கும். அலாய் சக்கரமும் டியூப் இல்லாத டயரும் இருந்தால் சிரமம் குறைவு: குத்திய முள்ளை உடனே பிடுங்காமல், காற்று மெல்ல இறங்கும் நேரத்தில் வண்டியை நிழலுக்கு ஓட்டி வந்து, பிறகு பிடுங்கி, ரப்பர்த் திரியைச் செருகி, சிறு மின்பம்பால் காற்றடித்தால் பதினைந்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம்.

கம்பிச் சக்கரமும் டியூபும் என்றால் நிதானம் வேண்டும். பள்ளத்தூர்ப் பக்கம் ஒருமுறை என் பின்சக்கரம் இறங்கியது. டியூபை மாற்றிப் பெருமையாகக் கிளம்பினேன். மூன்று கிலோமீட்டரில் மறுபடி இறங்கியது. முள்ளின் பருமனான பகுதி சாலையிலேயே ஒடிந்து போயிருக்க, நெல்லுமி அளவு நுனி மட்டும் டயரின் உட்புறத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் தடவியபோது அகப்படவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு, தம் தோள்துண்டின் முனையை டயருக்குள் வைத்து ஒரு சுற்று இழுத்தார். நூல் சிக்கிய இடத்தில் முள் இருந்தது. அன்றிலிருந்து டயர் நெம்புகோல்களோடு ஒரு பழைய பருத்தித் துண்டையும் கருவிப் பையில் வைத்திருக்கிறேன். ஒரேயொரு உதிரி டியூபுக்குத்தான் இடம் என்றால் முன்சக்கரத்து டியூபைக் கொண்டுவாருங்கள். பல வண்டிகளில் முன்சக்கர விட்டம் பெரிது. அதன் டியூபைத் தற்காலிகமாகப் பின்சக்கரத்தில் போட்டு ஊர் சேரலாம், பின்சக்கர டியூபை முன்னால் போட முடியாது.

வரிசையில் ஓட்டுவது

காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம் என்றால் ஐந்தே முக்காலுக்குப் பெட்ரோல் நிரப்பிய வண்டியோடு நிற்க வேண்டும் என்று பொருள். முன்னோடிக்கு வழி தெரியும். கடைசி வண்டிக்காரரிடம் கருவிகளும் மருந்தும் இருக்கும். முன்னோடியை யாரும் முந்தவோ, கடைசி வண்டிக்குப் பின்தங்கவோ கூடாது. புதியவர் முன்னோடிக்கு அடுத்த இடத்தில் வருவார். பலர் கடைசியில் வருவதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். வரிசையின் முன்பக்கம் 60-இல் போனால் வாலில் இருப்பவர் இடைவெளியை மூட 80-இல் ஓட வேண்டியிருக்கும் என்பது அங்கே ஓட்டிய பிறகுதான் புரியும்.

நெடுஞ்சாலையில் ஒருவர் தடத்தின் வலப்பக்கமும் அடுத்தவர் இடப்பக்கமுமாக, நேர் முன்னால் போகும் வண்டிக்கு இரண்டு விநாடி இடைவெளி விட்டு வாருங்கள். திருமயத்துக்குப் பிறகு ஊர்ச்சாலைகளில் நுழைந்ததும் இந்த அமைப்பைக் கலைத்து ஒற்றை வரிசைக்கு மாறிவிடுவோம், ஏனெனில் எதிரே டவுன் பஸ் வந்தால் சாலை அதற்கு மட்டுமே போதும். அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல்லும் உளுந்தும் காய்ந்துகொண்டிருக்கும். அதன்மேல் ஏற்றாதீர்கள், வழுக்கும் என்பதால் மட்டுமல்ல. மயில்கள் புதரிலிருந்து கனமாக, தாழ்வாக எழும்பி முகத்துக்கு நேரே வரும். ஒன்று கடந்தால் இன்னொன்று வரும் என்று எண்ணி வேகத்தைக் குறையுங்கள்.

செம்மண் கிராவல் பாதையில் தோள்களைத் தளர்த்தி, ஒரே கியரில், முன்பிரேக்கை மென்மையாகத் தொட்டுப் பழகுங்கள். முன்வண்டியின் புழுதி அடங்கும்வரை பின்வண்டி காத்திருக்கலாம். அங்கே அவசரம் ஒன்றும் இல்லை.

வழியில் நிற்பவை

திருமயம் கோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி ஆகிய மூன்றும் முதல் நாளுக்குப் போதும். 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டையின் உச்சிக்கு ஏறினால் அன்று மாலை போகப்போகும் சீமை முழுவதும் தெரியும். நகரத்தாரின் பெரிய வீடுகள் நிறைந்த கானாடுகாத்தானின் தெருக்கள் நேராகவும் சுவர்கள் உயரமாகவும் இருப்பதால் ஒரு புல்லட்டின் சத்தம் பத்தாகக் கேட்கும்; தெருமுனையில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடந்து போவது எங்கள் விதி. பூட்டிக் கிடக்கும் வீடுகளிலும் காவலுக்கு ஆள் இருப்பார்கள். திண்ணையில் ஏறிப் படமெடுப்பதற்கு முன் "ஆச்சி, கொஞ்சம் உக்காந்துக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் பல சமயம் முற்றம்வரை பார்க்கக் கிடைக்கும். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் சிமெண்டு வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் ஓடு வார்ப்பதைப் பாருங்கள். ஆசைப்பட்டு வாங்கி வண்டியில் கட்டாதீர்கள், எடை தாங்காது.

எப்படியானாலும் மூன்று மணிக்குள் காரைக்குடியில் காய்கறியும் தண்ணீரும் வாங்கிவிட்டு, நாலரை மணிக்குள் தோப்பில் இருக்க வேண்டும். எந்த ஊரைப் பார்க்காமல் விட்டாலும் இந்த நேரத்தை விட வேண்டாம்.

கூடாரம் போடுவது

சாமான்களை இறக்குவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். தென்னையின் கீழ் வேண்டாம். பனையின் கீழும் வேண்டாம், காற்றில் விழும் காய்ந்த மட்டை அரிவாளுக்குச் சமம். பட்ட கிளை உள்ள எந்த மரத்தின் கீழும் வேண்டாம். பிறகு தரையைப் பாருங்கள். கண்மாயின் உள்வாய், அதாவது நீர் தேங்கும் உட்பகுதி, சமதளமாக, மெத்தென்று, கூடாரத்துக்கென்றே செய்ததுபோல இருக்கும். நம்பாதீர்கள். எங்கோ பெய்த மழையில் இரவோடு இரவாக நீர் வரலாம்; வராவிட்டாலும் அந்தக் கரம்பை மண்ணில் சைடு ஸ்டாண்டு இறங்கி, காலையில் வண்டி படுத்துக் கிடக்கும். மடைக்கும் கலுங்குக்கும் நேர் கீழேயும் போடக் கூடாது. வரப்பு ஓரமும் வைக்கோற்போர் ஓரமும் எலி இருக்கும் இடம், எலி இருந்தால் பாம்பு வரும்.

இடம் தேர்ந்ததும் குனிந்து உட்கார்ந்து, கையுறையோடு முள்ளையும் கூழாங்கல்லையும் ஒவ்வொன்றாகப் பொறுக்குங்கள். பத்து நிமிடம் பிடிக்கும், சலிப்பாகத்தான் இருக்கும். தார்ப்பாய் கூடாரத்தின் அடித்தளத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும்படி மடித்து விரியுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பனிநீர் அதில் வழிந்து அடியில் தேங்கும். வாசலை மேற்கே வைத்தால் காலை வெயில் முகத்தில் அடிக்காது. செம்புறாங்கல் தரையில் மெல்லிய முளைகள் வளைந்துவிடும். அங்கே முளைக்குப் பதிலாக ஒரு பெரிய கல்லில் கயிற்றைச் சுற்றிக் கட்டினால் போதும். வண்டிகளைக் கூடாரத்திலிருந்து பத்தடி தள்ளி, வெளியேறும் திசையைப் பார்த்து நிறுத்தி, சைடு ஸ்டாண்டின் கீழ் ஒரு தட்டையான கல்லோ மரத்துண்டோ வையுங்கள். இரவில் அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தால் இருட்டில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். ஊருணி என்பது குளிக்கும் குளமல்ல. மழைநீரைத் தேக்கி ஊரார் குடிக்கவென்று வைத்திருப்பது. பல ஊருணிகளில் கால் நனைப்பதைக்கூடச் சகிக்க மாட்டார்கள். அங்கே முகம் கழுவிய எங்கள் நண்பர் ஒருவருக்கு ஒரு மூதாட்டியிடம் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது, முழுக்க நியாயமான வசவு. குளிக்கவும் பாத்திரம் கழுவவும் பம்புசெட் தண்ணீர். மலம் கழிக்கக் கிணற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் குறைந்தது இருநூறு அடி தள்ளி, மண்வெட்டியால் முக்கால் அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, முடிந்ததும் மூடிவிட வேண்டும்.

சமையல்

முதல் பயணத்தில் பெரிய விருந்துக்கு ஆசைப்பட வேண்டாம். ஆட்டுக்கறியை வெயிலில் நான்கு மணி நேரம் வண்டியில் கொண்டுவந்து உப்புக்கறி செய்வதைவிட, சோறும் வெண்டைக்காய் மண்டியும் மேல். மண்டிக்கு அரிசி களைந்த தண்ணீரே வேண்டும் என்பதால், தண்ணீர் அளந்து செலவழிக்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான குழம்பு இல்லை. இரண்டாம் களைநீரை எடுத்து அதில் புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, கிள்ளிய மிளகாய், வெண்டைக்காய் ஆகியவற்றைப் பசை போக வதக்கி, கரைசலை ஊற்றிக் கொதிக்கவிட்டால் முடிந்தது. சிறு எரிவாயு அடுப்பு பத்துப் பேருக்கும் போதும். உரியவர் இடம் காட்டிய பொட்டலில் மட்டுமே, அதுவும் அவர் சம்மதித்தால் மட்டுமே விறகு மூட்டலாம். தைலமரச் சருகு எண்ணெய்ப் பசை உள்ளது. அதன் அருகே பொறி பறந்தால் அணைக்க முடியாது.

இரவில்

கட்டுவிரியன் இரவில் உலவும் பாம்பு. தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல சமயம் வலியே தெரியாது, காயமும் புலப்படாது. அதனால்தான் அடித்தளம் சேர்த்துத் தைத்த கூடாரம் என்று முதலிலேயே சொன்னேன். வெறும் பாயில் வெட்டவெளியில் படுத்து நட்சத்திரம் பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. கயிற்றுக் கட்டில் கிடைத்தால் பாருங்கள். கூடாரத்தின் வாசல் எப்போதும் இழுத்து மூடியிருக்கட்டும். பூட்ஸ், கையுறை, தலைக்கவசம் மூன்றும் உள்ளேதான் இருக்க வேண்டும், காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டே அணிய வேண்டும், தேளுக்கு அவை நல்ல வீடு. சிறுநீர் கழிக்க எழுந்தாலும் விளக்கும் செருப்பும் இல்லாமல் நடக்காதீர்கள்.

எவரேனும் கடிபட்டால், அல்லது காரணமின்றி விடியலில் ஒருவருக்கு வயிற்றுவலியும் இமை தொங்குதலும் பேச்சுக் குழறலும் வந்தால், கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், பச்சிலை தேடாதீர்கள். அவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108-ஐ அழையுங்கள். தோப்பு உரியவரின் எண்ணும், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லும் வழியும் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் காகிதத்தில் எழுதி இருக்க வேண்டும்.

மதுவுக்கு எங்கள் குழுவில் இடமில்லை. இதைப் பற்றி விவாதமும் இல்லை.

ஞாயிறு காலை

ஆறரைக்கு எழுந்து தேநீர் போட்டு, எட்டு மணிக்குள் கூடாரங்களைப் பிரித்துவிடுங்கள். முளை பிடுங்கிய குழிகளைக் காலால் மூடுங்கள். எல்லாரும் கைகோத்த தூரத்தில் வரிசையாக நின்று, தோப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து குப்பை பொறுக்குங்கள். நேற்று நீங்கள் போடாத குப்பையையும் எடுத்துவிடுங்கள். சேர்ந்ததைத் தோப்பில் விட்டுவிடாமல் நகரத்தின் குப்பைத்தொட்டிவரை கொண்டுசெல்ல வேண்டும். சாவியைக் கொடுக்கப் போகும்போது மிச்சத் தொகையையும் கொடுத்து, தென்னையிலோ வாய்க்காலிலோ ஏதேனும் சேதம் செய்திருந்தால் அவர் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மதுரைப் பக்கம் திரும்புபவர்கள் திருப்பத்தூரைத் தாண்டி வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் அரைமணி நேரம் நிற்கலாம். 1977-இல் சரணாலயமான இந்தக் கண்மாய்களுக்கு மழைக்குப் பின் நாரைகளும் கொக்குகளும் வந்து கூடுகட்டும். பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை; ஆகையால் இயந்திரத்தைச் சாலையிலேயே அணைத்துவிட்டு, கரைவரை நடந்து போங்கள்.

வீட்டுக்கு வந்ததும் களைப்பில் கூடாரத்தைப் பையோடு மூலையில் போட்டுவிடத் தோன்றும். பனியில் நனைந்த துணி இரண்டே நாளில் பூசணம் பிடித்து நாறும். அன்று மாலைக்குள் மொட்டைமாடிக் கொடியில் உட்புறம் வெளியே வருமாறு தொங்கவிட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு உதறி மடியுங்கள். உதறும்போது நாலைந்து கருவேல முள்ளாவது விழும்.